ஹட்டனில் அம்ப்ளிபயருக்கு வால்வு மாற்றிய அனுபவம்

1975ஆம் ஆண்டு இலங்கையில் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது நாட்டை விட்டுப் புறப்பட்ட துரை ஒருவர், பெரிய கிளாக்கராக இருந்த என் அப்பாவிடம் விற்றுவிட்டுப் போன வால்வு அம்ப்ளிபயர் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) கொட்டகலையில் அக்கா வீட்டில் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. நான் வசிக்கும் டொரொன்டோவில் வீட்டு மின்சாரமே 120 வோல்ட் என்பதாலும், டிரான்ஸ்போமர்களின் கனத்தை விமானத்தில் ஏற்றக் கட்டுப்படியாகாது என்பதாலும், அதைக் கொண்டுபோகும் எண்ணம் எனக்கு வந்ததில்லை. சத்தம் குறைந்து கரகரப்பு ஏறிவிட்டதாக அக்கா சொன்னதும், ஸ்லோவாக்கியாவில் செய்த இஎல் 34 என்ற பவர் வால்வுகளில் ஒரே அளவு கரண்ட் ஓடும்படி பொருத்திய இரண்டு ஜோடிகளை வாங்கி, காலுறைகளுக்குள் சுற்றிக் கைப்பையில் எடுத்து வந்தேன். இரண்டாவது ஜோடியை வீண் செலவென்றுதான் அப்போது நினைத்தேன்.

முதலில் போன கடையில் மரியாதைக்குக் குறைவில்லை. கைபேசியும் டிவியும் திருத்திப் பழகிய இளைஞர் பழைய வால்வுகளைக் கழற்றிப் புதியவற்றைச் செருகி, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, அரை மணி நேரத்தில் பில் எழுதிவிட்டார். மீட்டரை அவர் கையிலெடுக்கவே இல்லை. வீட்டில் இருபது நிமிடம் பாடியிருக்கும்; ஒரு வால்வின் சாம்பல் நிறப் பிளேட் (உள்ளிருக்கும் உலோகத் தகடு) நடுவிலிருந்து செம்மை பரவி, அடுப்புக் கரி போலக் கனன்றது. மருமகன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். திரும்பக் கொண்டுபோனபோது, கொண்டுவந்த வால்வே பழுது என்று அதே கடையில் சொன்னார்கள்.

விசாரித்ததில், வால்வு ரேடியோ காலத்திலிருந்தே தொழில் செய்யும் முதியவர் ஒருவர் ஹட்டன் பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாடியறையில் இருப்பது தெரிந்தது. அவர் பெட்டியைத் திறந்ததும் வால்வுகளைத் தொடவில்லை. மின்சாரம் துண்டித்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம் என்று சொல்லி, ஒரு மின்தடையின் வழியாக அதை இறக்கி, மீட்டரில் சுழியம் வரும்வரை காத்திருந்தார். ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்சைப் போட்டால் ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்போமர் போய்விடக்கூடும் என்பதால் அதையும் முதலில் மாட்டினார். பிறகு 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் கோத்துக் கரண்ட் கொடுத்து, பல்ப் மங்கியதால் உள்ளே ஷோர்ட் இல்லை என்று பார்த்தபின் அதை விலக்கி, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலக்கையால் மட்டும் வெற்று சொக்கெட்டுகளில், வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குரிய ஐந்தாம் பின்னைத் தொட்டு அளந்தார். ஒன்றில் மைனஸ் 36 வோல்ட். மற்றதில் மைனஸ் 19.

“தம்பி, வால்வு மேல குத்தமில்ல. இந்தக் கண்டென்சர்தான் ஒழுகுது.”

முன்கட்டத்தின் உயர்ந்த வோல்ட்டேஜைத் தடுத்துப் பாட்டின் அலையை மட்டும் கடத்த வேண்டிய அந்த மெழுகுத்தாள் கண்டென்சர், வயதாலும் மலைநாட்டு ஈரத்தாலும் கசிந்து, மைனஸில் நிற்க வேண்டிய கிரிட்டை மேலே இழுத்துவிட்டது. கிரிட்டின் பிடி தளர்ந்தால் வால்வுக்குள் கட்டுக்கடங்காமல் கரண்ட் ஓடும், பிளேட் சிவக்கும். எத்தனை புது ஜோடி போட்டாலும் அதே கதிதான். இரண்டு பக்கமும் 630 வோல்ட் தாங்கும் புதிய கண்டென்சர்களைப் பற்றவைத்ததோடு, வால்வின் கரண்ட் கடக்கும் எட்டாம் பின்னுக்கும் சேசிஸுக்கும் (உலோகச் சட்டம்) இடையில் 10 ஓம் மின்தடை ஒவ்வொன்றை நான் கேளாமலே சேர்த்தார். அதன் குறுக்கே 0.35 வோல்ட் காட்டினால் வால்வில் 35 மில்லி அம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. பிளேட்டில் 420 வோல்ட் இருந்ததால் ஏறத்தாழ 15 வாட். இஎல் 34 பிளேட்டின் எல்லை 25 வாட் என்பதால் இது வால்வை வருத்தாத அளவு. பயஸ் திருகை (கிரிட்டின் மைனஸ் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைப்பது) முதலில் மைனஸ் கூடிய கோடியில் வைத்து, இரண்டாவது ஜோடியைச் செருகி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். வால்வு சூடேற ஏற முள் நகர்ந்ததால் ஒரு மணி நேரம் பாடவிட்டு மறுபடி திருத்தினார். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு இரண்டு பிளேன்டீ கிடைத்தது.

இரண்டு நாள் வேலைக்கு அவர் வாங்கியது 4,000 ரூபாய். முதற்கடையில் கொடுத்தது அதில் பாதி. எரிந்த வால்வின் விலையையும் சேர்த்தால் எது மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வால்வு கொண்டுவருபவர்கள் கண்டென்சர்களையும் சேர்த்துக் கொண்டுவருவது நல்லது. அவரிடமிருந்த கடைசி இரண்டும் என் பெட்டிக்கே போய்விட்டன. கடையில் விலை கேட்பதற்கு முன், பயஸ் அளந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அளக்கச் சொன்னார். அதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டதால், பெட்டிக்குள் கைவைக்காமல் அளக்கும்படி இரண்டு கம்பிகளை வெளியே எடுத்துவிட்டு மருமகனுக்குப் பழக்கிக் கொடுத்தார். நேற்று அவன் அனுப்பிய படத்தில் ஒன்று 0.34, மற்றது 0.36.