தேய்ந்த மில்லிங் புஷ்ஷுக்கு மாற்று: கன்மெட்டலா, சின்டரா, நீடிலா?

ஹாரிசான்டல் மில்லிங்கில் ஸ்லாட் போட்டுவிட்டு விரலால் தடவினால் அடிப்பாகம் அலை அலையாகத் தட்டுப்படுகிறதா? பெரும்பாலோர் கட்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். நானும் சாணை பிடித்து மாட்டினேன், அலை அப்படியே இருந்தது. அப்புறம்தான் கட்டரை மாட்டும் தண்டான ஆர்பரின் நுனியில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகோல்) நிறுத்தி, ஆர்பரைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தேன். முள் 0.18 மி.மீ. ஏறியது. மெஷினின் மேல்கையான ஓவர்ஆர்மில் தொங்கும் பிராக்கெட்டுக்குள், ஆர்பர் நுனியைத் தாங்கும் குழலான புஷ் தேய்ந்து வாய் அகன்றிருந்தது.

கோவையில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்பது பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்த சின்ன மெஷின். ஆர்பர் ஒரு அங்குலம், அதன் நுனி 20 மி.மீ. பைலட்டாகக் குறுகி, 28 மி.மீ. வெளிவிட்டமுள்ள புஷ்ஷுக்குள் ஓடும். இந்த ஒரு புஷ்ஷை மாற்றப்போய், மெஷினில் இருக்கும் மற்ற புஷ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். ஒரே சரக்கு எல்லா இடத்துக்கும் ஒத்துவராது என்பது அப்போதுதான் தெளிவானது.

சரக்கைத் தேடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சில மெஷின்களில் இந்தப் புஷ் வெளிப்புறம் டேப்பராக, ஒரு பக்கம் கீறலோடு, இரண்டு முனையிலும் நட்டோடு இருக்கும். நட்டைத் திருப்பி உள்ளே இழுத்தால் துளை சுருங்கும். அப்படிப்பட்டது என்றால் முதலில் இறுக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். என்னுடையது வெறும் உருளைப் புஷ், இறுக்க வழியில்லை.

அடுத்தது ஷாஃப்ட், அதாவது புஷ்ஷுக்குள் சுற்றும் பைலட். புஷ் தேய்ந்தால் ஷாஃப்டும் கொஞ்சமாவது தேய்ந்திருக்கும். மைக்ரோமீட்டரால் பைலட்டை மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளந்தேன். 19.86-இலிருந்து 19.91 வரை மாறி மாறி வந்தது. அதாவது வட்டம் போய்விட்டது. ஈஎன் 8 என்ற எஃகில் செய்து கடினப்படுத்தாமல் விட்ட ஆர்பர் அது. கோடுகள் மறைந்து சுத்தமாக வர, கிரைண்டிங்கில் 19.80-க்கு இறக்க வேண்டியிருந்தது. எந்தப் புஷ் என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இந்த 19.80-இலேயே இருக்கிறது.

முதலில் நீடில் பேரிங். பார்த்ததும் ஆசை வருவது இதன் மேல்தான். எச்கே 2020 என்று கேட்டால் 20 மி.மீ. ஷாஃப்டுக்கு, 26 மி.மீ. வெளிவிட்டத்தில், 20 மி.மீ. நீளத்தில் மெல்லிய ஓட்டுக்குள் ஊசிகள் அடுக்கிய பேரிங் கிடைக்கும். எண்ணெய்க்கு அவ்வளவு பசி கிடையாது, சூடும் ஏறாது. ஆனால் அந்த ஊசிகளுக்கு உள்வளையம் என்று தனியாக ஒன்று இல்லை, ஷாஃப்டே உள்வளையம். அது 58 எச்ஆர்சி-க்குக் (ராக்வெல் கடினத்தன்மை அளவு) குறையாமல் கடினமாக, கிரைண்ட் பண்ணியதாக, அளவு மைக்ரான் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். ஈஎன் 8 பச்சை (கடினப்படுத்தாத) ஷாஃப்ட் மேல் ஓடவிட்டால் சில நாளிலேயே ஊசிகள் வரி வரியாகப் பள்ளம் போட்டுவிடும். தனி உள்வளையம் போடலாம் என்றால் பைலட்டை 17 மி.மீ.க்கு மெலிய வைக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டு விசையில் வளையும் ஆர்பர் அது, அதை இன்னும் ஒல்லியாக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே 28-க்கும் 26-க்கும் நடுவில் ஒரு ஸ்லீவ் வேறு வேண்டும். 19.80 ஷாஃப்டுக்கு 20 மி.மீ. நீடிலைப் போட்டால் முழுசாக இருபது பாயின்ட் (0.20 மி.மீ.) ஆட்டம், அதாவது பழைய புஷ்ஷைவிட மோசம்.

கடினப்படுத்திய புது ஆர்பர் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவருக்கு நீடில் நல்ல தேர்வு. சில்லு தூள் உள்ளே போகாமல் இருக்க சீல் வைத்ததாகப் பார்த்து வாங்கினால் போதும்.

சின்டர் புஷ், கடைகளில் ஆயிலைட் என்று கேட்பது, 1930-களில் கிரைஸ்லர் கார் கம்பெனி பிரபலமாக்கியது. செம்புத் தூளையும் பத்து சதவீதம் வெள்ளீயத் தூளையும் அச்சில் அழுத்திச் சுட்டு எடுப்பார்கள். கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெறும் நுண்துளை, அந்தத் துளையெல்லாம் எண்ணெய். நல்ல சின்டர் புஷ்ஷை இடுக்கியில் பிடித்து அடியில் லைட்டரைக் காட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் வியர்வை மாதிரி முத்து முத்தாக எண்ணெய் கசியும். லைட்டரை எடுத்து ஆறவிட்டால் அந்த முத்துகள் மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். ஓடும்போதும் நடப்பது இதுதான்.

இவ்வளவு அழகான சரக்கை ஆர்பர் பிராக்கெட்டில் நான் போடவில்லை. மில்லிங் கட்டரின் ஒவ்வொரு பல்லும் வேலைப்பொருளைத் தொடும்போது ஆர்பருக்கு ஒரு அடி விழுகிறது. அந்த அடியைத் தாங்க, ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் அழுத்தத்தோடு நிற்க வேண்டும். சின்டரில் அந்த அழுத்தம் துளைகள் வழியே கசிந்துவிடும், உலோகமும் வார்ப்பு அளவுக்கு உரமானதல்ல. அளவுப் பிரச்சினையும் உண்டு, 19.80 ஷாஃப்ட் சுற்ற இடம் விட்ட 19.83 துளையோடு கடையில் எதுவும் கிடைக்காது. உள்ளே ரீமர் ஓட்டினால் மேற்பரப்புத் துளைகள் இழுபட்டு அடைத்துவிடும். ரொம்பக் கூரான கார்பைடு டூலில் மெல்லிய வெட்டாக எடுக்கத்தான் இடமிருக்கிறது.

ஆனால் டேபிள் ஃபீட் பெட்டியில் 16 மி.மீ. ஷாஃப்ட் ஒன்று மெதுவாகச் சுற்றுகிறது. அதற்கு எண்ணெய் விட வேண்டுமென்றால் பெட்டியையே கழற்ற வேண்டும். அந்த ஷாஃப்ட் தேயவில்லை, அளவு சரியாக இருந்தது. அங்கே சின்டர்தான், இரண்டாவது யோசனையே இல்லை. மாட்டும் முன் கெரசினிலோ பெட்ரோலிலோ கழுவிவிடாதீர்கள், உள்ளிருக்கும் எண்ணெய் அத்தனையும் வெளியே வந்துவிடும். கடையில் காய்ந்து கிடந்ததாகத் தோன்றினால் வெதுவெதுப்பான எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். சுத்தியலால் தட்டாமல், துளை அளவுக்குத் திருத்தமாகச் செய்த மேன்ட்ரலில் (உருளைக் கம்பியில்) கோத்து வைஸில் அழுத்துங்கள். துளை அந்த மேன்ட்ரல் அளவுக்கே சுருங்கி நிற்கும்.

டெஃப்லான் பூசிய மெல்லிய இரும்புப் புஷ், நைலான், டெல்ரின் இவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். முதலாவது, டேபிளைத் தாங்கும் ‘நீ’ (knee) பாகத்தைத் தூக்கும் கைப்பிடி ஷாஃப்ட் மாதிரி மெதுவாகச் சுற்றும் இடத்துக்கு நல்லது. உள்பூச்சு மிக மெல்லியது என்பதால் போரிங் பண்ண முடியாது. நைலான் ஈரம் குடித்து உப்பும். டெல்ரின் அவ்வளவு குடிக்காது, ஆனால் சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். ஆர்பர் பிராக்கெட் பக்கம் இரண்டையும் கொண்டுபோக வேண்டாம்.

இனி வெண்கல வகை. இங்கேதான் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. பாஸ்பர் பிரான்ஸ் என்பது செம்போடு பத்து சதவீதம் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்தது. கடினமானது, உழைக்கும். ஆனால் அது கடினப்படுத்திய ஷாஃப்டுக்கு ஜோடி. பச்சை ஷாஃப்டோடு சேர்த்தால் ஷாஃப்ட்தான் தேயும். ஈயம் கலந்த கன்மெட்டல் வேறு குணம். 85 செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் தலா 5 என்பது பழகிய கலவை. அந்த ஈயம் எண்ணெய் குறையும் நேரத்தில் வழுக்கக் கொடுக்கிறது, தப்பி உள்ளே வந்த பொடிச் சில்லைத் தனக்குள் புதைத்துக்கொள்கிறது. தேய வேண்டியது ஷாஃப்ட் அல்ல, புஷ்தான். புஷ்ஷை ஒரு மத்தியானத்தில் மாற்றலாம், ஆர்பரை அப்படி மாற்ற முடியாது. என் ஆர்பருக்கு அதனால் கன்மெட்டல்.

ஆனால் கன்மெட்டல் என்று சொல்லிக் கொடுத்த ராடு கன்மெட்டலாக இருக்க வேண்டுமே. எனக்கு முதல் தடவை கிடைத்தது பித்தளை. ஆறு மாதத்தில் ஆட்டம் திரும்ப வந்தது. இப்போது ராடின் முனையை லேத்தில் ஒரு வெட்டு எடுத்து, பழைய புஷ்ஷின் வெட்டிய முகத்தோடு வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். வெண்கலத்தில் சிவப்புச் சாயல் இருக்கும், பித்தளை எலுமிச்சை மஞ்சளாக அடிக்கும். பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறாது.

கன்மெட்டலின் பெரிய பலம், எந்த அளவுக்கும் நாமே கடைந்துகொள்ளலாம் என்பது. வெளிவிட்டத்தைப் பிராக்கெட்டின் துளையைவிட 0.03 மி.மீ. கூட வைத்தேன். அழுத்திய பின் உள்துளை அதில் பெரும்பங்கு சுருங்கும், ஆகவே துளையை 19.50-இல் விட்டேன். கடைசி அளவு பிராக்கெட்டை மெஷினிலேயே மாட்டிய பிறகுதான்.

ஸ்பின்டிலில் போரிங் பாரைப் பிடித்து, பிராக்கெட்டை ஓவர்ஆர்மின் டவ்டெயிலில் லேசாக இறுக்கி, டேபிளில் கட்டிய ஒரு கட்டையால் கிராஸ் ஃபீடைத் திருப்பித் தள்ளினேன். ஸ்பின்டில் எந்தக் கோட்டில் சுற்றுகிறதோ அதே கோட்டில் துளை விழும், லேத்தில் தனியாகக் கடைந்தால் இந்த நேர்மை கிடைக்காது. மஞ்சள்-சிவப்புப் பொடி சொரசொரவென்று டேபிளில் உதிர, மூன்று வெட்டில் 19.83 வந்தது. 19.80 பைலட்டுக்கு மூன்று பாயின்ட் இடைவெளி. பிராக்கெட்டைப் பின்னால் இழுக்கும் முன் ஸ்பின்டிலை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் டூல் உள்ளே கோடு போடும். உருண்டை ஓவர்ஆர்ம் என்றால் பிராக்கெட் திரும்பிவிடும், ஆங்கிள் பிளேட்டை அண்டை கொடுக்காமல் தொடாதீர்கள்.

எண்ணெய்த் துளையைப் பிராக்கெட்டின் துளையோடு நேர் பார்த்து, உள்ளே ஒரு காடி வெட்டினேன். காடியைப் புஷ்ஷின் முனைவரை கொண்டுபோகக் கூடாது, எண்ணெய் வழிந்து ஓடிவிடும். சுமை விழும் பக்கத்திலும் காடி வேண்டாம். விஜி 68 தடிப்புள்ள எண்ணெய் போதும். வண்டிக்கு வாங்கிய மீதி கியர் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் சேர்க்கும் கந்தக மருந்துகளில் சில, சூடேறும்போது செம்புக் கலவையை அரிக்கும்.

மாட்டி ஓட்டி, முதல் ஒரு மணி நேரம் பிராக்கெட்டில் கை வைத்துக்கொண்டே நின்றேன். வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. டயலைத் திரும்ப நிறுத்தித் தூக்கியபோது முள் மூன்று பாயின்டில் நின்றது. அதே சாணை பிடித்த கட்டரில் போட்ட ஸ்லாட்டின் அடியைத் தடவினேன், விரலுக்கு எதுவும் தட்டவில்லை.