1951 பியூக் சூப்பருக்கு அகல வெள்ளைப் பட்டை டயர்: மதுரைச் சாலைகளில் நீண்டகால அனுபவம்

பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் வெள்ளைப் பட்டை டயர், அதாவது பக்கவாட்டில் வெள்ளை ரப்பர் வளையம் உள்ள டயர் என்றதும் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் பட்டையின் அகலத்தை விசாரிக்கச் சொல்வேன். எங்கள் வீட்டு வண்டி 1951 பியூக் சூப்பர். ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர், டயர் அளவு 7.60-15. அந்த ஆண்டு வண்டிக்குப் பட்டை இரண்டரை அங்குலத்துக்குக் குறையவே கூடாது. அங்குல அளவுள்ள ஒல்லிப் பட்டை அமெரிக்காவில் பரவலானது 1962 மாடல்களோடுதான். அதை 51 பியூக்கில் மாட்டினால் அந்தப் பெரிய மட்கார்டுக்குக் கீழே சக்கரம் சோனியாகத் தெரியும். குரோமியம் எல்லாம் பளபளவென்று மின்னினாலும் வண்டியின் காலம் பிசகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் கறுப்பு டயரும் இந்த வண்டிக்குச் சரியானதே. அந்தக் காலத்தில் வெள்ளைப் பட்டை என்பது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆடம்பரம். போதாததற்கு 1950இல் கொரியப் போர் தொடங்கிய பிறகு அமெரிக்காவிலேயே வெள்ளை டயருக்குத் தட்டுப்பாடு. அதனால் கறுப்பு டயரோடு ஓடும் 51 பியூக்கைப் பார்த்து யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. தவறான அகலத்தில் வெள்ளை போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எனக்கு வெள்ளை வேண்டும் என்று ஆசை. பெயிண்ட் அடிப்பதை நான் யோசிக்கவே இல்லை. ரப்பர் வளைந்து நெளியும்போது பெயிண்ட் வெடித்து உதிரும், கல்யாண வாடகை வண்டிகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பழைய ஸ்கார்பியோவின் 235/75 ஆர்15 ரேடியலை, அதாவது இன்றைய கார்களில் வரும் வகை டயரை, மாட்டி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே செருகும் வெள்ளை ரப்பர் வளையம் வைத்து ஓட்டினேன். அந்த சைஸ் மதுரையில் டயர் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், உயரமும் 7.60-15க்கு மிக அருகில் வரும். ஊருக்குள் மெதுவாக ஓட்ட ஒரு குறையும் இல்லை. ஆனால் மேலூர் பக்கம் நான்கு வழிச் சாலையில் வேகம் கூடினால் வளையத்தின் ஓரம் காற்றில் தூக்கும். இடையில் புகுந்த மணல் டயரின் பக்கத்தையே அரைக்கத் தொடங்கியது. கழற்றிவிட்டேன்.

அப்புறம் 2019இல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்ததுதான் இப்போது ஓடும் பயஸ் பிளை டயர். பழைய வடிவம், டியூப் போட்டது, அகலமான வெள்ளை. ரேடியலில் ரப்பருக்குள் இருக்கும் நூல் நேர்குறுக்காக ஓடும், மேலே இரும்புப் பட்டி தனியாக இருக்கும். பயஸ் பிளையில் நூல் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்வாகப் போகும், பக்கமும் மேல்முகமும் சேர்ந்தே அசையும். இதன் விளைவை ரிங் ரோட்டில் கையிலேயே உணரலாம். லாரிகள் அழுத்திப் போட்ட தடத்தில் முன்சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். பிடியைத் தளர விடக்கூடாது. நத்தம் பறக்கும் பாலத்தில் அந்த இழுப்பு இல்லை. 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு நிம்மதியாகப் போகலாம். நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங் உள்ள பியூக் எப்படி மிதந்து போக வேண்டும் என்று கட்டினார்களோ, அப்படியே போகிறது.

பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி இது. ரேடியலோடு மாசி வீதிகளில் திருப்பும்போது தோள் வலிக்கும். பயஸ் பிளையில் நின்ற இடத்தில் திருப்புவது தெளிவாகவே லேசு. காற்று 30 பவுண்டு வைக்கிறேன், குறைந்தால் பக்கம் சூடேறுகிறது. சில வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் தரையில் அழுந்திய இடம் தட்டையாகி முதல் கொஞ்ச தூரம் தடதடக்கும், சூடானதும் சரியாகிவிடும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிடுகிறேன்.

வெள்ளையைக் காப்பதுதான் நம் ஊரில் உண்மையான வேலை. புது டயரில் வெள்ளையின் மேல் ஒரு நீலப் பூச்சு இருக்கும். அதை ஓட்டுவதற்கு முன்பே தண்ணீர் விட்டு மென்மையாகத் தேய்த்து முழுசாகக் கழுவிவிட வேண்டும். பழுப்பு ஏறுவது வெளி அழுக்கால் மட்டுமல்ல. ரப்பர் வெடிக்காமல் இருக்கக் கறுப்பில் கலக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்குக் கசியும், வெயில் ஏற ஏற அது வேகமாகும். சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிறுத்தினால் எனக்குப் பழுப்பு சீக்கிரமே தெரிகிறது. ஷெட்டில் நின்றால் வெகுநாள் தாங்குகிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பச்சை நாரும் போதும். டயர் பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

வாட்டர் சர்வீஸில் அடிப்பாகத்துக்கு டீசல் அடிப்பார்கள் அல்லவா, அது வெள்ளையில் பட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். "தம்பி, சக்கரத்துல டீசல் படாம பாத்துக்கப்பா" என்று பக்கத்திலேயே நின்று சொல்கிறேன். பஞ்சர் கடையில் லிவர் போடும் இடத்தில் பழைய டியூப் துண்டை வைக்கச் சொல்லுங்கள், கீறல் விழாது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் மஞ்சளும் எங்கள் வீட்டில் வீல் கப்பில்தான் வைப்போம், மஞ்சள் கறை வெள்ளை ரப்பரில் லேசில் போகாது.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான மாற்றம். ஜூன் 2020இல் கார் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது, அதன்பின் உரிமம் தேவை. ஆகவே இங்கேயே ஒருவரிடம் இருக்கும் பழைய இருப்பை விலை பேசும் நிலை வரலாம். அப்போது பட்டையின் வெண்மையில் மயங்காமல் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பத்து வருஷம் தாண்டிய டயரை ஓட்ட வேண்டாம், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும். பேரம் பேசும்போதே ஐந்தாவது டயரையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்டெப்னியில் ரேடியல் கிடந்தால் பஞ்சரான அன்று ஒரே அச்சில் இரண்டு வகை ஓட வேண்டியிருக்கும். பின்பக்கம் அப்படி ஓடிய ஒரு பியூக்கை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், வளைவில் வண்டி கையில் நிற்கவில்லை.