கேஸ் அடிப்பதா, லீக் தேடுவதா, கொம்பிரசரையே மாற்றுவதா? மலையகத்து வாகன ஏ.சி.க்கு ஓர் ஒப்பீடு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஏ.சி. குளிரவில்லை என்று வாகனத்தைக் கராஜில் விட்டால் மூன்று யோசனைகளில் ஒன்று வரும். "கொஞ்சம் கேஸ் அடித்துவிடுவோம்", "லீக் பார்த்து வேக்கம் போட்டுப் புதிதாக ஏற்றுவோம்", "கொம்பிரசர் போயிட்டுது, மாற்றத்தான் வேணும்". செலவில் மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முதலாவது அரை மணித்தியால வேலை, இரண்டாவது அரை நாள், மூன்றாவது பாகம் கிடைக்கும் வரை. எது தேவை என்பதை கேஸின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துச் சொல்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கேஜில் வர வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கும் எண்கள் கொழும்பு வெயிலுக்கானவை.

குளிர் ஊரில் ஏ.சி. எதற்கு என்று கேட்பவர்கள், மழை நேரத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு இறம்பொடை வளைவுகளில் ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம். முன் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் துணியால் துடைத்து மாளாது. ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தைக் கூலிங் கொயிலில் வடித்து வெளியே தள்ளிவிடும். ரீசர்க்குலேஷனை நிறுத்தி, வெளிக்காற்றை எடுத்து, ஏ.சி.யோடு ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரமே கண்ணாடி தெளியும். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே இங்கே ஓடுவதில் பாதிக்கு மேல் பழைய வண்டி என்று வைத்துக்கொண்டுதான் எந்த வேலையையும் எடைபோட வேண்டும்.

முதலில், அது பழுதுதானா?

800 சீசீ ஆல்ட்டோவில் ஏற்றத்தில் எக்சலேட்டரை முழுக்க மிதித்தால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரை எஞ்சின் கம்பியூட்டரே கழற்றிவிடும். எஞ்சினுக்கு பலம் கொடுக்கிறது, அவ்வளவுதான். சமதரைக்கு வந்ததும் குளிர் திரும்பினால் கராஜுக்குப் போக வேண்டாம். நுவரெலியா இரவில் கொம்பிரசர் அடிக்கடி விழுந்து எழுவதும் அப்படித்தான். கொயில் 3 பாகை அளவுக்கு இறங்கினால், ஐஸ் கட்டாமல் இருக்க சென்சர் நிறுத்திவிடும்.

அந்த சென்சர் பழுதானால் கதை வேறு. தொடக்கத்தில் நல்ல குளிர் வரும், அரை மணித்தியாலத்தில் காற்றின் வேகம் குறையும், ஏ.சி.யை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் திரும்ப நன்றாக வரும். கொயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதற்குக் கேஸ் அடிப்பது வீண். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடானால், ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸை ஆற்றும் கண்டென்சரின் ஃபேனைப் பாருங்கள். தோட்டப் பாதையில் ஓடும் வண்டியானால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் காய்ந்து கிடக்கும் செம்மண்ணையும் பாருங்கள். முன்பக்கத்தை மட்டும் கழுவினால் அந்த மண் போகாது.

ஏ.சி. பட்டனை அமர்த்தியும் கொம்பிரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கவில்லையா? ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்ற வரிசையில் போகலாம். பல வண்டிகளில் ஹோர்ன் ரிலேயும் அதே ரகம், மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம். காலையில் பிடித்து, சூடானதும் விட்டுவிடுகிறது என்றால் கிளட்சின் இடைவெளி கூடியிருக்கும். 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்க வேண்டியது தேய்ந்து ஒரு மி.மீ.ஐத் தொட்டால், சூடேறிய கிளட்சின் மின்காந்தக் கொயிலால் பிளேட்டை இழுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றைக் கழற்றினால் சரியாகிவிடும். இந்தச் சின்ன வேலைக்காக முழுக் கொம்பிரசரை மாற்றச் சொல்வதுண்டு.

கேஸ் மட்டும் அடிப்பது எதிர் முழு வேலை

இந்த வண்டிகளின் ஏ.சி.யில் இருக்கும் ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. வண்டி ஓடாமல் ஆறிக் கிடக்கும்போது 30 பாகையில் கேஜ் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) காட்டும், 20 பாகையில் 68, 15 பாகையில் 56. உள்ளே திரவம் கொஞ்சம் மீதமிருந்தாலே இந்த எண் வந்துவிடும். சமையல் கேஸ் சிலிண்டர் முடியும் தறுவாயிலும் அடுப்பு எரிகிறதே, அதே கணக்கு. மிச்சம் எவ்வளவு என்று தெரிய நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். "70 இருக்கு, கேஸ் நிறைய இருக்கு" என்று சொல்பவருக்கு உள்ளே 100 கிராமா 350 கிராமா என்று தெரியாது.

ஓடும்போது வரும் எண்களோ இன்னும் ஏமாற்றும். 30 பாகை வெயிலில் ஒரு நல்ல ஏ.சி.யின் லோ சைட் (கொம்பிரசருக்குள் போகும் பக்கம்) 30 முதல் 40, ஹை சைட் (வெளியே வரும் பக்கம்) 200 முதல் 250 வரை நிற்கும். அதே வண்டி, அதே அளவு கேஸ், நுவரெலியாவின் 16 பாகையில் ஹை சைட் 120, 150 என்ற மட்டத்தில்தான் ஓடும். குளிர்ந்த காற்று கண்டென்சரை நன்றாகவே ஆற்றிவிடுகிறது, அழுத்தம் ஏறக் காரணமில்லை. 200 வரவில்லையே என்று கராஜ் பாஸ் இன்னும் கொஞ்சம் கேஸ் அடிப்பார், பிறகு இன்னும் கொஞ்சம். மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்கியதும் வெயில் ஏறும், ஹை சைட் எகிறும், அவிசாவளை நெரிசலில் பிரஷர் சுவிட்ச் கொம்பிரசரைக் கழற்றிவிடும். "மேலே நல்லா இருந்துச்சே, கீழே போனதும் போயிட்டுதே" என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் பல தடவை இருப்பது இந்த அதிகப்படிக் கேஸ்தான்.

முழு வேலையில் இந்தக் குழப்பமே வராது. இருக்கும் கேஸை மெஷினால் எடுத்து, லீக் அடைத்து, வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), போனட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராமை தராசில் நிறுத்து ஏற்றுகிறார்கள். சின்னக் காருக்கு 300 முதல் 500 கிராம், பின்னாலும் ஏ.சி. உள்ள வேனுக்கு அதைவிட நிறைய. 320 கிராம் வண்டியில் 50 கிராம் கூடினாலே ஆறில் ஒரு பங்கு பிழை. நுவரெலியாவில் நிறுத்தாலும் கொழும்பில் நிறுத்தாலும் கிராம் கிராம்தான். முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "பாஸ், எத்தனை கிராம் போச்சு?" பதிலுக்கு பி.எஸ்.ஐ. வந்தால் அங்கே தராசு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேக்கத்திலும் உயரம் விளையாடும். கடல் மட்டத்தில் நல்ல பம்ப் கேஜ் முள்ளை 29, 30 பாதரச அங்குலத்துக்குக் கொண்டுபோகும். கண்டியில் உச்சமே 28 சொச்சம், ஹட்டனில் 25, 26, நுவரெலியாவில் 24. வெளியே காற்றழுத்தமே அவ்வளவுதான். நுவரெலியாவில் 24-ல் நிற்கும் முள்ளைப் பார்த்து லீக் என்று முடிவு கட்டுவது தவறு. கண்டியில் அதே 24 வந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது லீக் இருக்கிறது, ஈரம் உள்ளேயே இருக்கிறது. குளிரில் தண்ணீர் ஆவியாக இன்னும் ஆழமான வேக்கம் வேண்டும். கொழும்பில் 30 நிமிடம் என்றால் இங்கே 45 முதல் 60 நிமிடம் விடுவதுதான் முறை. பிறகு வால்வை மூடி 15 நிமிடம் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் கொம்பிரசரை வேக்கம் பம்பாக வைத்திருக்கும் இடங்களில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

லீக் தேட நைட்ரஜன் நல்லது. ரெகுலேட்டர் வழியே 150 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏற்றி, சவர்க்கார நுரை தடவி, ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பார்கள். டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் சோதித்தால் ஈரமும் உள்ளே போகும், மீந்த கேஸோடு அழுத்தக் காற்று கலப்பதும் ஆபத்து. நுரைக்கு முன் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் உண்டு. ஏ.சி. எண்ணெய் எங்கே கசிகிறதோ அங்கே தூசு கறுப்பாக ஒட்டும். கண்டென்சரின் கீழ் மூலையில் ஈரமான செம்மண் திட்டு, சேர்விஸ் வால்வ் மூடிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு, கொம்பிரசர் கிளட்சுக்கு நேர் மேலே போனட்டின் அடியில் வில் போல் தெறித்த கறை. கடைசியாகச் சொன்னது ஷாஃப்ட் சீல், கொம்பிரசரின் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் அடைப்பு. மாதக் கணக்கில் ஏ.சி. போடாமலே ஓட்டும் மலையக வண்டிகளில் அடிக்கடி போவது இதுவே: எண்ணெய் சுற்றாமல் ரப்பர் காய்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஏ.சி.யைப் போட்டால் இந்தச் செலவைத் தள்ளிவைக்கலாம்.

அப்படியானால் கேஸ் மட்டும் அடிப்பதற்கு இடமே இல்லையா? ஓர் இடம் இருக்கிறது. நாளன்றைக்குக் கொழும்பில் கல்யாணம், வேறு வழியில்லை. அப்போதும் கேஸோடு யூ.வி. டை என்ற ஒளிரும் சாயத்தையும் ஏற்றச் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு நீல விளக்கடியில் லீக் தானே காட்டிக்கொடுக்கும். ஒரு தடவை அடித்தது ஆறு மாதம்கூட நிற்கவில்லை என்றால் அடுத்த தடவைக்குச் செலவழிப்பது நட்டம். கேஸோடு எண்ணெயும் வெளியேறுகிறது, கேஸ் மட்டும்தான் திரும்பப் போகிறது. எண்ணெய் குறைந்த கொம்பிரசர் இறுகும். மூன்றாவது யோசனை அப்போது உண்மையாகிவிடும்.

டின்னில் வரும் லீக் அடைப்பான் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஈரம் பட்ட இடத்தில் இறுகும் சரக்கு, கூலிங் கொயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்சன் வால்வையும் அடைக்கும், பிறகு கேஸ் எடுக்கும் மெஷின் வைத்திருக்கும் கராஜ் அந்த வண்டியைத் தொட மறுக்கும்.

மலிவுக் கேஸ் பற்றியும் ஒரு சோதனை. சிலிண்டரை நிழலில் பல மணித்தியாலம் வைத்து கேஜைப் பூட்டுங்கள். 20 பாகையில் 70-ஐ ஒட்டி வந்தால் ஆர்-134ஏ ஆக இருக்கலாம். 105-ஐத் தாண்டினால் அது வேறு சரக்கு: புரொப்பேன் அல்லது ஆர்-22. புரொப்பேன் நன்றாகவே குளிரும். ஆனால் கூலிங் கொயில் உடைந்தால் எரியும் வாயு நேரே ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வரும்.

கொம்பிரசர்: பழுதுபார்ப்பதா, பாவித்ததா, புதியதா?

சத்தத்தைக் கேட்டே பாதி முடிவெடுக்கலாம். ஏ.சி. போடாதபோது கரகரத்து, போட்டதும் அடங்கினால் பெல்ட் ஓடும் புல்லியின் பெயாரிங். கிளட்ச் பிடித்ததும் பெயாரிங்கின் இரு வளையமும் சேர்ந்து சுற்றுவதால் சத்தம் நிற்கிறது. பெயாரிங் மட்டும் மாற்றினால் போதும், கேஸைத் தொடவும் தேவையில்லை. ஏ.சி. போட்டால் மட்டும் சத்தம் என்றால் உள்ளே தேய்மானம்.

உள்ளே தேய்ந்ததற்கு ஜப்பானில் பாவித்த கொம்பிரசர் கெட்ட தெரிவல்ல. வாங்குமுன் பைப் வாய்கள் மூடியிருந்தனவா, கையால் சுற்றும்போது ஒரே சீராக இறுக்கம் தெரிகிறதா, எண்ணெய் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் நிற எண்ணெய் என்றால் அலுமினியத் தூள், விட்டுவிடுங்கள். வாய் திறந்து கடையில் தொங்கியதும் வேண்டாம். மலைக் காற்றின் ஈரத்தை அந்த எண்ணெய் குடித்திருக்கும்.

புதியதைப் போட்டும் மூன்றே மாதத்தில் போகும் வண்டிகள் உண்டு. பழையது உடைந்தபோது சிதறிய துகள் கண்டென்சரில் மீதமிருப்பதே காரணம். இப்போதைய கண்டென்சர்களின் நுண்ணிய குழாய்களைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது. துகள் கண்டால் கண்டென்சர், ஈரம் உறிஞ்சும் ட்ரையர், எக்ஸ்பான்சன் வால்வ் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் புதிய கொம்பிரசருக்கும் பணம் போட வேண்டாம். பாகம் மாற்றும்போது எண்ணெயும் ஈடுசெய்ய வேண்டும்: பல டொயோட்டாக்களில் கண்டென்சருக்கு 40 மி.லீ., கூலிங் கொயிலுக்கு 40, ட்ரையருக்கு 10.

ஊரிலேயே செய்வதா, கீழே இறங்குவதா?

சாதாரண பெல்ட் கொம்பிரசர் வண்டிக்குத் தராசும் நல்ல பம்பும் இருந்தால் ஊரே போதும். குளிரில் சிலிண்டரில் அழுத்தம் குறைவதால் கேஸ் மெதுவாக ஏறும். சிலிண்டரை 40 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் வைக்கலாம். புளோ லாம்ப் எடுப்பவரைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளுக்குக் கண்டிக்காவது இறங்குவது நல்லது. கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, அதற்குரிய என்.டி.-11 எண்ணெயில் சாதாரண கொம்பிரசர்களுக்கான பி.ஏ.ஜி. (PAG) எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குறைந்து முழு ஹைபிரிட் சிஸ்டமும் எரர் காட்டும். வேறு வண்டிக்குப் போட்ட ஹோஸில் ஒட்டியிருக்கும் எண்ணெயே அதற்குப் போதும். ஹைபிரிட்டுக்குத் தனி ஹோஸ் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

எங்கே செய்தாலும் காசைக் கணக்குத் தீர்க்குமுன் வெயிலில் சோதியுங்கள். 15 பாகைக் குளிரில் எந்த ஏ.சி.யும் குளிரும். ஹட்டன் வண்டியைக் கித்துல்கலைக்கும், நுவரெலியா வண்டியைக் கம்பளைக்கும், பண்டாரவளை வண்டியை வெல்லவாயவுக்கும் இறக்கி, நண்பகலில் எஞ்சினை ஐட்லில் விட்டு நடு வென்டில் தர்மாமீற்றர் வையுங்கள். ரீசர்க்குலேஷனில் பத்து நிமிடத்தில் 10 பாகையை ஒட்டி இறங்க வேண்டும். ஓடும்போது இறங்கி ஐட்லில் ஏறினால் கேஸ் கூடியிருக்கிறது அல்லது ஃபேன் போதவில்லை, பில்லோடு அப்படியே திரும்பக் கொண்டுபோகலாம்.