கல்லடி வீட்டுக்கு ஒரு சத்தமில்லாத கணினி

2024 ஆகஸ்டில் டொரண்டோவிலிருந்து ஊருக்குப் புறப்பட்டபோது, பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே ஒரு கூலரைப் பத்திரமாகச் சுற்றி வைத்துக்கொண்டு வந்தேன். கணினியின் புரொசெசரைக் குளிரவைக்கிற கூலர். இரட்டைக் கோபுரம், இரண்டு விசிறி, ஒரு கிலோவுக்கு மேல் பாரம். சத்தமே வராது என்று பெயர் எடுத்தது. கல்லடியில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு கணினி கட்டிக் கொடுப்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு முக்கிய வேலை. மற்றச் சாமான்களை மட்டக்களப்பில் வாங்கலாம், இது மட்டும் அங்கே கிடைக்காது என்று நினைத்தேன். நான்கு வாரம் கழித்து அந்தக் கூலர் எந்தக் கணினியிலும் பூட்டாமலே என்னுடன் திரும்பி வந்தது. அது ஏன் என்பதையும், ஊரில் எனக்குக் கிடைத்த உதவியையும் எழுதி வைத்தால், இதே வேலையோடு போகிற வேறு யாருக்காவது பயன்படும்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கே கூத்து என்றாலும் தோணி ஏறி, சைக்கிள் மிதித்துப் போய்விடுவார். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தையும் பதிந்த கசெட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. விடிய விடிய ஆடுகிற கூத்து என்பதால் ஒன்றுக்கே ஏழெட்டு கசெட். சுனாமி நேரம் அந்தப் பெட்டி பெரியப்பா வீட்டில் இருந்தபடியால் தப்பியது. இப்போது அவற்றைக் கணினிக்கு மாற்றி, பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்த ஊர், எந்த அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிறவர்), எந்தக் கூத்து என்று தன் குரலில் ஒரு சிறு அறிமுகம் பேசிச் சேர்க்கிறார்.

பழைய கணினி வெயில் ஏறியதும் இரையத் தொடங்கிவிடும். ஹெட்போனை அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் மாட்டியிருக்க முடியாது, காது வியர்க்கிறது. ஸ்பீக்கரில் கேட்டால் விசிறி குறுக்கே நிற்கும். “மத்தளம் கேக்குது மனே, சொல்லுத்தான் கேக்குதில்ல” என்று போனில் சொன்னார். அவர் அனுப்பிய அறிமுகப் பதிவிலும் குரலுக்குப் பின்னால் அதே இரைச்சல் ஓடியது. எழுபத்தெட்டு வயதில் தினமும் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டுகிறாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டவுனில் முதலில் போன கடையில் எனக்குச் சரிவரவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டியும், நிறம் மாறும் லைட்டும், தண்ணீரில் குளிர வைக்கிற கூலரும் காட்டினார்கள். சத்தத்தைப் பற்றி மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் லைட்டைப் பற்றித்தான் பதில் வந்தது. பழுதானால் வீட்டுக்கு யார் வருவார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று உள்ளே போக வழி குறைவு, விசிறிகள் இன்னும் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீர்க் கூலரில் பம்ப் என்று இன்னொரு சத்தமும் சேருகிறது. அந்தப் பம்ப் நின்றால் கொழும்பிலிருந்து இன்னொன்று வரும்வரை அப்பாவின் வேலையும் நிற்கும்.

இரண்டாவது கடை மாடியில் ஒரு சின்ன அறை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. விலைப் பட்டியலை எடுக்க முதல் அவர் கேட்ட கேள்விகள்: “எந்த அறையில வைக்கப்போறீங்க அண்ணா? ஏசி இருக்கா? வீடு கடல் பக்கமா, வாவிப் பக்கமா?” கனடாவில் மூன்று கணினி கட்டியிருக்கிறேன். எந்த அறையில் வைக்கப்போகிறேன் என்று அங்கே ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காற்றுக் கூலரானாலும் அறையின் காற்றைவிடக் கீழே குளிராக்க முடியாது. புரொசெசர் அறையின் சூட்டைவிட நாற்பது பாகை மேலே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் 21 பாகை அறையில் அது 61. கச்சான் காற்று வீசுகிற ஆகஸ்ட் பகலில் கல்லடியில் அறைக்குள்ளேயே 33, அப்போது அதே புரொசெசர் 73. கூலரும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. ஆனால் விசிறியின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த எண்தான். குளிர் நாட்டில் மெல்ல ஓடும் விசிறி எங்கள் ஊரில் இரைவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அதனால் பெரிய விசிறியை மெதுவாக ஓடவிட வேண்டும் என்றார் தம்பி. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபெல் இறங்கிவிடும். விசிறி பெரிதாக இருந்தால் குறைந்த காற்றை அளவிலேயே ஈடு கட்டிக்கொள்ளலாம். சின்ன விசிறி அதே காற்றைத் தள்ளக் கத்த வேண்டியிருக்கிறது.

நான் கொண்டு வந்த கூலரை மேசையில் வைத்தேன். வடிவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்கும் ஆசைதான். பிறகு அளவு நாடாவை எடுத்தார். கூலரின் உயரம் 165 மில்லிமீற்றர். முன்பக்கம் வலை போட்ட, காற்று நன்றாகப் போகிற பெட்டி அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் 160 மில்லிமீற்றர் வரை போகும். “அஞ்சு மில்லிமீற்றர் கூட அண்ணா. பக்கப் பலகை மூடாது.” பெட்டியை மாற்றலாம் என்றால், மற்றதெல்லாம் கண்ணாடி முகப்பு. காற்றோட்டமான பெட்டியில் நடுத்தரக் கூலர் வைப்பது, மூச்சு முட்டும் பெட்டியில் விலை கூடிய கூலர் வைப்பதைவிட நல்லது என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

புரொசெசர் ரைசன் 5 5600ஜி. படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் அதன் விசிறிகளும் தேவையில்லை. 65 வாட், ஆறு கோர், அப்பாவின் வேலைக்குத் தாராளம். கூலருக்கு அவர் சொன்னது டீப்கூல் ஏகே400. ஒற்றைக் கோபுரம், நான்கு செம்புக் குழாய், 120 மில்லிமீற்றர் விசிறி, உயரம் 155. கையிருப்பில் இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடைக்குப் போன் போட்டு, இரவு பஸ்ஸில் பார்சலாக ஏற்றச் சொன்னார். விடியக் காலையில் அதைத் தானே போய் எடுத்து, எட்டு மணிக்கு எனக்குப் படம் அனுப்பினார்.

கடையில் சத்தம் சோதிக்க முடியாது. கீழே ஆட்டோ, பஸ், பக்கத்துக் கடைப் பாட்டு. “சத்தத்த ராவைக்குத்தான் கேக்கலாம், வீட்ட வாறன்” என்றார். சொன்னபடியே கடை பூட்டிவிட்டு ஒன்பது மணிக்குப் புதுப் பாலம் தாண்டி வந்தார். அக்கா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தா. மருமகன் டோர்ச் பிடித்தான்.

முதலில் புரொசெசரோடு இலவசமாக வரும் சின்னக் கூலரைப் போட்டு ஓடவிட்டார். அப்பாவுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. சீலிங் ஃபேனை நிறுத்தினோம். கசெட்டின் இரைச்சலை நீக்கும் மென்பொருளை ஓடவிட்டதும் அந்தக் குட்டி விசிறி கீச்சென்று ஏறி இறங்கி ஏறியது. அப்பா தலையை ஆட்டினார். இது வேண்டாம்.

அதைக் கழற்றும்போது தம்பி ஒரு வேலை செய்தார், எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த வகைப் புரொசெசரில் முள்ளெல்லாம் அதன் அடியிலேயே இருக்கும். சூடு கடத்துவதற்காகப் புரொசெசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை ஆறிக் கெட்டியான பிறகு கூலரை நேரே இழுத்தால் புரொசெசரும் சேர்ந்து வந்து முள் வளைந்துவிடும். கணினியைக் கொஞ்ச நேரம் வேலை செய்யவிட்டுப் பசை இளகிய பிறகு நிறுத்தி, வயரைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிறகுதான் தூக்கினார். பழைய பசையைத் துடைத்து, புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்தார். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்து மருமகனின் கையில் கொடுத்து, “இத உரிக்காமப் பூட்டித்தான் கனபேர் சூடாகுது எண்டு கொண்டு வாறவங்க” என்றார்.

பயோஸில், அதாவது கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், விசிறிக்கு அட்டவணை போட்டது அரை மணி நேரம். 60 பாகை வரை நிமிடத்துக்கு 600 சுற்று, அதற்கு மேல் மெல்ல மெல்ல ஏறி 80 பாகையில் 1100. சூடு ஒரு கணம் எகிறினால் உடனே விசிறி எகிறாமல் சில விநாடி பொறுக்கும்படியும் வைத்தார். வேகம் கூடிக் குறைவதுதான் காதை உறுத்துகிறது, ஒரே சீராக ஓடினால் காது மறந்துவிடும். அறை 31 பாகை. சும்மா இருக்கும்போது 43, மென்பொருள் ஓடும்போது 71. இந்தப் புரொசெசர் 95 வரை தாங்கும். விசிறி ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனாலும் அப்பா, “ஒரு ரீங்காரம் கேக்குது” என்றார். எனக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டு போனபோது மெல்லியதாக ஒரு ம்ம்ம். தம்பி நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியைப் பெட்டியின் சட்டத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினார். விசிறிச் சட்டம், பவர் சப்ளை, பக்கப் பலகை என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வாவியில் பாடும் மீனைக் கேட்பது இப்படித்தான். தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறு நுனியைக் காதில் வைக்க வேண்டும். எனக்குப் பத்து வயதில் ஒரு பூரணை இரவு பழைய பாலத்துக்குக் கீழே அப்பா எனக்கு அப்படிப் பிடித்துக் காட்டியிருக்கிறார். “இஞ்ச தா தம்பி” என்று ஸ்குரூ டிரைவரை வாங்கித் தானும் வைத்துக் கேட்டார். கண்டுபிடித்ததும் அவர்தான்: “இதுக்குள்ள.”

பழைய கணினியிலிருந்து எடுத்துப் பூட்டியிருந்த ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120. அந்த அதிர்வைத் தகரப் பெட்டி வாங்கிப் பெரிதாக்கியது. டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறைக்குள் போட்டு, பிரதி எடுக்கும்போது மட்டும் செருகுவது என்று முடிவானது. அன்றாட வேலைக்கு உள்ளே எஸ்எஸ்டி இருக்கிறது, அதில் சுற்றுவது ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மருமகன் கையை உதறினான். “சுள்ளெண்டுது மாமா.” வெறுங்காலோடு தரையில் நின்று பெட்டியின் பின்புறத்தைத் தொட்டிருக்கிறான். தம்பி டெஸ்டரை வைத்தார், லைட் எரிந்தது. பிளக்கில் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, எர்த் இல்லாவிட்டால் 230 வோல்டில் ஏறக்குறையப் பாதியைப் பெட்டியின் உடம்பில் மிதக்க விட்டுவிடும். வருகிற மின்னோட்டம் மிகச் சிறிது, ஆனால் உறைக்கும். பதிவில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகவும் இறங்கும். “எர்த் பாக்காம இத நான் பாவிக்க விடமாட்டன் அண்ணா” என்று சொல்லி வயரைச் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டார். அடுத்த நாள் தனக்குத் தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவரை அனுப்பினார். சுனாமிக்குப் பிறகு கட்டிய அந்த அறைக்கு இரண்டு வயர் மட்டுமே இழுத்திருக்கிறார்கள். வீட்டின் எர்த் கம்பியும் முன்வாசல் காய்ந்த மணலில் நின்றது. ஆகஸ்டில் அந்த மணலில் எர்த் பிடிக்காது என்று சொல்லி, கிணற்றடி ஈரத்தில் புதுக் கம்பி அடித்து அறைக்கு மூன்றாவது வயர் கொண்டு வந்தார். வெளிநாட்டுக் காசில் கணினி வாங்கிக் கொடுக்கிற நாங்கள் சுவரில் இருக்கும் பிளக்கைப் பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்து பின்னிரவு வரை நின்றதற்குத் தம்பி கேட்டது 3000 ரூபா. கூடக் கொடுத்ததை வாங்க அவருக்கு மனம் வரவில்லை, அக்கா மீன் பொரியலோடு சோறு போட்டபோது மட்டும் மறுக்கவில்லை. சாமான் விலை ஊரில் கூடத்தான். 2022 நெருக்கடிக்குப் பிறகு ரூபா விழுந்த நிலை, 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். ஆனால் பில் இருக்கிறது, கேரண்டி இருக்கிறது, கூப்பிட்டால் வருகிற ஆள் இருக்கிறார். வெளிநாட்டில் வாங்கிக் கொண்டு போகும் சாமானுக்கு இந்த மூன்றும் இல்லை. அப்படியும் பவர் சப்ளை கொண்டு போகிறவர்கள் பின்னால் சிவப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115இல் இருப்பதை அப்படியே ஊர்க் கரண்டில் செருகினால் வெடித்துவிடும். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை.

கரண்ட் போனால் நிறுத்த நேரம் கிடைக்க ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினோம். முன் வலையை இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கழுவுவது மருமகன் பொறுப்பு, கச்சான் காலத்தில் கிழமைக்கு ஒன்று.

நான் திரும்பி வந்த பிறகு அப்பாவிடமிருந்து முதல் அறிமுகப் பதிவு வந்தது. குரலுக்குப் பின்னால் விசிறி இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடங்களில் தூரத்தில் கடல் கேட்டது. அதையும் மென்பொருளில் எடுத்துவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் அப்பா என்றேன்.