எம்.சி. ரோடு பக்கத்துத் தோல் கிளினிக்: காத்திருக்கலாம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், மாடியில் இருக்கும் சின்ன கிளினிக். என் மகனுக்கு முழங்கை மடிப்பில் எக்ஸிமா, அதாவது தோல் சிவந்து வறண்டு அரிக்கும் நோய். டோக்கன் முறை சுத்த மோசம். ஏழு மணி என்றால் ஒன்பதாகும். தீபாவளி நேரத்தில் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி அங்கே போகவே முடியாது. ஆனால் டாக்டரம்மா விளக்கும் விதத்துக்காகவே உட்காரலாம்.

நல்ல தோலில் பலவகை பாக்டீரியாக்கள் கலந்து வாழுமாம். எக்ஸிமா கிளம்பும்போது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற ஒன்று பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். அது விடும் நச்சுகள் தோலை இன்னும் புண்ணாக்கும். "அப்போ ஆன்டிபயாடிக் கொடுங்களேன் மேடம்" என்றேன். நீர் வடிந்து, தேன் நிறப் பொருக்கு தட்டித் தொற்று தெரிந்தால்தான் என்றார். சும்மா தடவினால் நல்ல பாக்டீரியாவும் சாகும், கெட்டது மருந்துக்கு அடங்காமல் பழகிவிடும். அவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு கிருமிநாசினி இல்லை. ஆனாலும் அழற்சி தணிந்து தோல் தேறினாலே ஆரியஸ் குறைந்து, மற்ற வகைகள் மெல்லத் திரும்புமாம்.

களிம்பின் அளவும் காட்டினார்: பெரியவர் விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து பெரியவரின் 2 உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் நான் வாங்கிய, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூபைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

இப்போது பையன் சொறியாமல் தூங்குகிறான். வியர்வைக் காலத்தில் திரும்ப வரலாம் என்று முன்பே சொல்லிவிட்டார். ஃபீஸ் நியாயம்தான். கார்டு வாங்குவதில்லை, சில்லறையோடு போங்கள்.