பழைய கம்ப்யூட்டருக்கு மவுஸா, டிராக்பாலா?

பென்டியம் 4, கோர் 2 டுவோ காலத்துக் கம்ப்யூட்டர்கள் இன்னும் எத்தனையோ கடைகளிலும் வீடுகளிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பில் போட, டைப் அடிக்க, லினக்ஸ் போட்டுப் பழக அது போதும். மவுஸ் போய்விட்டால், இன்னொரு மவுஸா, மேலே உள்ள பந்தை விரலால் உருட்டும் டிராக்பாலா என்று யோசிக்காமல் பலரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் சிபியுவைத் திருப்பிப் பின்பக்கம் என்னென்ன சாக்கெட் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பச்சையும் ஊதாவுமாக இரண்டு வட்ட சாக்கெட் தெரிந்தால் அவை பிஎஸ்/2. ஐபிஎம் 1987ல் அதே பெயர் கொண்ட கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்தது. பச்சை மவுஸுக்கு, ஊதா கீபோர்டுக்கு. பக்கத்தில் யூஎஸ்பி சாக்கெட்டும் இருந்து, விண்டோஸ் எக்ஸ்பியோ லினக்ஸோ ஓடுகிறது என்றால் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகினாலே போதும், டிரைவர் சிடி தேடவேண்டாம். விண்டோஸ் 95ன் முதல் வெளியீடு, என்டி 4 போன்றவற்றுக்கு யூஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே பிஎஸ்/2 அல்லது ஒன்பது பின் சீரியல் மவுஸ்தான்.

இரண்டு சாக்கெட்டும் இருந்தால் எது? பிஎஸ்/2 மவுஸுக்கு ஒரு வசதி உண்டு: யூஎஸ்பி சாக்கெட் ஒன்று பென்டிரைவுக்கு மிச்சமாகும். ஆனால் கம்ப்யூட்டர் ஓடும்போது அதைப் பிடுங்கிச் செருகக் கூடாது. பெரும்பாலும் மறுபடி பூட் செய்தால்தான் வேலை செய்யும், மதர்போர்டுக்கும் ஆபத்து. இப்போது கிடைப்பதும் பெரும்பாலும் பழைய ஸ்டாக். யூஎஸ்பி மவுஸ் என்றால் நாளைக்கே கம்ப்யூட்டர் மாறினாலும் கூடவே போகும். எனக்கு யூஎஸ்பிதான். செருகும்போது பின்பக்க சாக்கெட்டில் செருகுங்கள். பழைய கேபினெட்டின் முன்பக்க சாக்கெட் ஆடிப்போயிருக்கும், பழி மவுஸ் மேல் விழும்.

கடையில் “கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்” என்று சின்னதாக ஒரு பச்சை அடாப்டரைக் கொடுப்பார்கள். அதற்குள் சிப் எதுவும் இல்லை, வெறும் கம்பிதான். யூஎஸ்பி, பிஎஸ்/2 இரண்டு முறையும் மவுஸின் சிப்புக்கே தெரிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். அந்தக் காலத்தில் பெட்டிக்குள்ளேயே கன்வெர்ட்டரோடு வந்த மவுஸ்களுக்குத் தெரியும். இன்றைய மலிவு மவுஸ் பலவற்றுக்குத் தெரியாது. அடியில் சிவப்பு விளக்கு எரியும், அம்புக்குறி அசையாது. அதனால் பிஎஸ்/2 மட்டுமே உள்ள மெஷினுக்கு வாங்குகிறீர்கள் என்றால் ஒயரின் முனையிலேயே வட்ட பின் உள்ளதாகக் கேளுங்கள்.

ஒயர்லெஸ்? ரிசீவரோடு வருவது எக்ஸ்பியிலும் ஓடும். ஒரே மூலையில் கிடக்கும் டெஸ்க்டாப்புக்கு எதற்குத் தனியாக பேட்டரிச் செலவு? புளூடூத் பக்கம் போகவே வேண்டாம்.

மவுஸில் லாஜிடெக் பி100 மாதிரி ஒயர் உள்ள, இரண்டு பட்டனும் ஒரு வீலும் கொண்ட சாதாரண மாடல் போதும். சில நூறு ரூபாய்தான், இடக்கைக்கும் ஒத்துவரும். அதன் கூர்மை 800 டிபிஐ. அதாவது வேகக் கூட்டல் குறைச்சல் இல்லாத செட்டிங்கில், கை ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்புக்குறி 800 புள்ளி நகரும். பழைய 1024 புள்ளி அகல மானிட்டரை ஒண்ணேகால் அங்குலத்தில் கடந்துவிடலாம். அட்டையில் 3200, 6400 என்று போட்டிருப்பதற்குக் காசு கொடுப்பது வீண்.

அப்புறம் ஏன் டிராக்பாலைப் பற்றிப் பேசவேண்டும் என்றால், காரணம் மேசை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் டேபிளில் இழுத்துவிடும் தட்டு ஒன்று இருக்கும். கீபோர்டை வைத்தால் மிச்சம் உள்ளங்கை அகலம்தான். மவுஸை மேல்பலகையில் வைத்து, தோளைத் தூக்கியபடியே நாள் முழுக்க பில் போடுகிறவர்கள் உண்டு. டிராக்பால் நகராது, விரல் பந்தை மட்டும் உருட்டும். அந்த உள்ளங்கை அகலம் அதற்குப் போதும். மேலே கண்ணாடி போட்ட மேசையிலும் தகராறு செய்யாது. சாதாரண ஆப்டிகல் மவுஸ் கண்ணாடியில் திணறும்.

விலைதான் இடிக்கும். பெயர் பெற்ற கம்பெனி டிராக்பால் புதிதாக என்றால் சில ஆயிரம் ஆகும், பழைய மெஷினை விற்றாலே அவ்வளவு வருமா என்பது சந்தேகம். அப்படியும் வாங்குவதென்றால் பந்தைச் சுற்றி ஸ்க்ரோல் வளையம் உள்ள கென்சிங்டன் ஆர்பிட்டை எடுப்பேன். யூஎஸ்பி ஒயர், பெரிய பட்டன் இரண்டே இரண்டு. கூடுதல் பட்டன்களுக்கு வேலை கொடுக்கும் இப்போதைய சாஃப்ட்வேர் எக்ஸ்பியில் ஏறாது என்பதால் பட்டன் குறைவாக இருப்பதே இங்கே வசதி. லாஜிடெக் எம்575 கட்டைவிரலால் உருட்டுவது, வலக்கைக்கு மட்டும். ஃபோல்டரைப் பிடித்து இழுத்து விடும் வேலை அதிகம் என்றால் கட்டைவிரல் நோகும். கடையில் நாலு பேர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டருக்கு மட்டும் எந்த டிராக்பாலும் வேண்டாம், திட்டு வாங்குவது நீங்கள்தான்.

செகண்ட் ஹேண்டில் லாஜிடெக் டிராக்மேன் மார்பிள் கிடைத்தால் விடாதீர்கள். உற்பத்தி நின்றுவிட்டது. பெட்டியில் பிஎஸ்/2 கன்வெர்ட்டரோடு வந்த மாடல் அது, ஆகவே பச்சை சாக்கெட்டிலும் ஓடும். வீல் கிடையாது. லினக்ஸில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு பந்தை உருட்டினால் ஸ்க்ரோல் ஆகும்படி செட் செய்துகொள்ளலாம். வாங்கும் இடத்திலேயே பந்தை வெளியே எடுங்கள். உள்ளே பந்தைத் தாங்கும் மூன்று சின்னக் குமிழ்களில் அழுக்கு திரண்டிருந்தால் பரவாயில்லை, நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். பந்தில் கீறல் இருந்தாலோ, ஒரு ஃபோல்டரைப் பிடித்து இழுக்கும்போது நடுவழியில் நழுவினாலோ வாங்காதீர்கள். நழுவுகிறது என்றால் பட்டனுக்கு அடியில் உள்ள சுவிட்ச் போய்விட்டது.