லவ் பேர்ட்ஸ் கூடு வாங்கப் போகிறவர்கள் கையோடு டேப்பும் கொண்டு போங்கள்

மட்டக்களப்பு டவுனில் மீன் தொட்டி, நாய்ச் சாப்பாடு, பறவைகள் எல்லாம் ஒரே கூரைக்குள் விற்கிற கடை ஒன்றில் வாங்கிய மடிப்புக் கூட்டைப் பற்றி எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். இதே கூடு கல்முனையிலும் ஏறாவூரிலும் தொங்குவதைக் கண்டிருக்கிறேன், ஆகவே யார் எங்கே வாங்கினாலும் இது உதவும்.

எனக்குக் கல்லடியில் வெல்டிங் பட்டறை. கேற், யன்னல் கிறில், தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்டாண்ட், கோழிக்கூடு, இவைதான் பிழைப்பு. ஒரு கூட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் கம்பிதான் தெரியும், பிறகுதான் உள்ளே இருக்கிற சீவன். எழுதுவதும் அந்த ஒழுங்கில்தான் வரும்.

தங்கச்சி குடும்பத்தோடு டோஹாவுக்குப் போகும்போது ஒரு சோடி லவ் பேர்ட்ஸை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பச்சை ஆண், நீலம் பெண். வந்தது சருவக்குடம் அளவு வட்டக் கூட்டில். அதிலேயே விட மனம் வரவில்லை. பட்டறையில் ஒரு கூரை வேலை அவசரத்தில் நின்றதால் நானே செய்யவும் நேரம் இல்லை. அதனால்தான் கடைக்குப் போனது.

வாங்கிய கூடு பதினெட்டு அங்குல நீளம், பதினான்கு அகலம், இருபத்திரண்டு உயரம். விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். இதைவிடப் பெரிது ஒன்றும் இருந்தது, ஆனால் கம்பிக்குக் கம்பி ஒரு அங்குலம். இந்தச் சின்னப் பறவையின் தலை அதற்குள் போகும், திரும்பி வராது. அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கவே கூடாது. கடையில் நிற்கிற தம்பியிடம் சொன்னேன். "அது பெரிய கிளிக்கு உள்ளது அண்ணே. ஆனா ஆக்கள் கேட்டா இதுக்கும் குடுக்கிறதுதான்" என்றான். மறைக்காமல் சொன்னதற்கு அவனுக்கு ஒரு புள்ளி கூடப் போடலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடித்தட்டு இழுத்தெடுக்கிற வகை, அதற்கு மேலே ஒரு கம்பித்தட்டு. எச்சமும் உமியும் கீழே விழும், பறவை அதில் நடக்காது. பழைய பேப்பர் விரித்துக் காலையில் மாற்றினால் வேலை முடிந்தது. திருகாணி ஒன்றும் இல்லை, மடித்து அலுமாரிக்கு மேலே வைக்கலாம். நல்லது அவ்வளவுதான்.

இனிக் கம்பி. கல்வனைஸ் செய்து, அதாவது நாகம் (சிங்க்) பூசி, மேலே வெள்ளைப் பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். ஒட்டு விழுந்த மூலைகளில் விரலை ஓட்டிப் பாருங்கள், சில இடங்களில் நாகம் சொட்டாக உறைந்து நிற்கும். இந்தப் பறவை காலால் மட்டும் ஏறுகிற சாதி இல்லை. அலகால் கம்பியைக் கவ்வித்தான் ஏறும், பொழுது போகாவிட்டால் அந்தச் சொட்டைக் கொறிக்கும். நாகம் வயிற்றுக்குள் போனால் பறவைக்கு நஞ்சு. கல்வனைஸ் பைப்பைக் காற்று வராத இடத்தில் ஒட்டிவிட்டு இரவு குளிரும் காய்ச்சலுமாகப் படுத்த எந்த வெல்டிங்காரனைக் கேட்டாலும் நாகத்தின் குணத்தைச் சொல்வான். நாங்களோ எழுபது எண்பது கிலோ ஆட்கள். இது முப்பது நாற்பது கிராம்.

ஆகவே வாங்கினால் அப்படியே பறவையை உள்ளே விடாதீர்கள். சொட்டு நிற்கிற இடத்தை அரத்தால் தட்டி எடுங்கள். வினாகிரி தொட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். எங்களைப் போலக் கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: உப்புக்காற்றுக்கு அந்தக் கோட்டிங் நிற்காது. ஒரு மாரி முடிய முன்னமே மூலைகளில் கொப்பளித்து உரியத் தொடங்கிவிட்டது. உரிந்ததை நீலம் கிள்ளிப் பார்க்கிறது.

கதவு மேலே தூக்குகிற வகை, ஸ்பிரிங் கிடையாது. நீலம் அதை அலகால் தூக்கவும் கற்றுக்கொண்டது. கதவு பாதி ஏறியதும் தலையை வெளியே நீட்டும், உடனே கதவு கழுத்தில் இறங்கும். நல்ல காலம், மகள் பக்கத்தில் இருந்தாள். இப்போது உடுப்புக் காயப்போடுகிற கிளிப் இரண்டு மாட்டியிருக்கிறேன். ஒன்பதாயிரம் ரூபாச் சாமானுக்குப் பூட்டு உடுப்புக் கிளிப்!

உட்காரும் தடி பிளாஸ்டிக், எல்லாம் ஒரே பருமன். நாள் முழுக்க ஒரே பருமனில் நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண் வரும். தூக்கி எறிந்துவிட்டுக் கொய்யாக் கொப்பு வெட்டிப் போட்டேன், ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெல்லிசு. பட்டையை உரிப்பதற்கே அவற்றுக்கு ஒரு கிழமை வேலை.

ஆனால் இவையெல்லாம் அரத்தாலும் கொப்பாலும் தீருகிற குறைகள். தீராத குறை நீளம். இந்தப் பறவை சிறகை விரித்தால் நுனிக்கு நுனி ஒரு அடி வரும். கூட்டின் நீளமோ ஒன்றரை அடி. அதற்குள் நடப்பதைப் பறப்பு என்று சொல்ல முடியாது, தடிக்குத் தடி தத்தல்தான். கடை முதலாளி உயரத்தைத் தட்டிக் காட்டி "எவ்வளவு பெரிசு பாருங்க" என்றார். இந்தப் பறவை ஹெலிகொப்டர் இல்லையே, நேரே மேலே கிளம்ப. அது பக்கவாட்டில் பறக்கிறது. உயரத்தில் கொடுத்த கம்பியை நீளத்தில் கொடுத்திருந்தால் அதே செலவில் உருப்படியான கூடு வந்திருக்கும். இது தெரியாமல் செய்ததென்று நான் நினைக்கவில்லை. கடையில் குறைந்த இடத்தில் கூடுதலான கூடுகளை நிறுத்தலாம், அதுதான் கணக்கு.

கூடு பட்டறை விறாந்தையில் தொங்கிய காலத்தில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பெரியப்பா சைக்கிளை விட்டு இறங்காமலே, "ஏன்டா மனே, அந்தச் சீவன்கள அடைச்சு வெச்சிரிக்காய்? தொறந்து உட்டுரு, புண்ணியமாப் போகும்" என்பார். உழவு மெசின் பெட்டி ஒட்ட வெல்லாவெளியிலிருந்து வந்த ஒரு கமக்காரர் நேர்மாறு. "தீனும் தண்ணியும் இரிக்கு, பருந்துக்கும் பயமில்ல, காகத்துக்கும் பயமில்ல. எங்கட சீவியத்த விட இதுகள்ற சீவியம் நல்லம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் அந்தப் போக வேளாண்மையின் கதையும் இருந்தது.

பெரியப்பா சொல்கிற புண்ணியம் இந்தப் பறவைக்குச் சரிவராது. நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்குவது பெரும்பாலும் பட்ஜி, அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. மழை பெய்த இடம் தேடிப் பெருங்கூட்டமாக அலைகிற சாதி. 1840-ல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு கூட்டிலேயே குஞ்சு பொரித்துப் பெருகியவற்றின் வழிதான் இங்கே தொங்குகிறவை. கல்லடியில் திறந்துவிட்டால் இரை தேடத் தெரியாது, ஒளியத் தெரியாது. அன்று பின்னேரமே காகம் முடித்துவிடும். அப்படித் திறந்துவிடுவதில் மனிதனுக்கு மனம் லேசாகும், பறவைக்கு ஒன்றும் கிடைக்காது.

சரி, கமக்காரர் சொன்னது? பருந்துப் பயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூட்டமாக மைல் கணக்கில் அலைய அமைந்த உடம்பு, தினையைத் தின்றுவிட்டுத் தடியில் குந்தியிருந்தால் கொழுப்புத்தான் வைக்கும். இன்னொன்றும் சொல்வார்கள்: அறைக்குள் திறந்துவிட்டாலும் தானே திரும்பிக் கூட்டுக்கு வருகிறதே, அதற்குக் கூடுதான் விருப்பம் என்று. தினைக் கிண்ணத்தை அலுமாரிக்கு மேலே வைத்துப் பாருங்கள். எங்கள் சோடி இருட்டும்வரை அலுமாரியை விட்டு இறங்கவில்லை.

என்னிடம் கேட்டால், அடைப்பது சரியா பிழையா என்ற கேள்விக்கு டேப் பிடித்தபிறகுதான் பதில் சொல்வேன். நாலு அடி நீளம் கொடுக்க வீட்டில் இடம் இல்லாதவர், தினம் கொஞ்ச நேரம் அறைக்குள் பறக்கவிட நேரம் இல்லாதவர், வாங்கவே கூடாது. பிள்ளை அழுகிறது என்று வாங்குகிறவர் அதைவிடக் கூடாது. ஏற்கனவே கையில் வந்து சேர்ந்தவற்றுக்கு அந்த நாலு அடி நாம் கட்டவேண்டிய கடன்.

நாட்டுக்கிளிக்கு இந்தக் கணக்கும் கிடையாது. எத்தனை அடி கொடுத்தாலும் பிழைதான். கடையில் காசு கட்டும்போது முதலாளி குரலைத் தாழ்த்தி, பின்பக்கம் கிளிக்குஞ்சு இருக்கிறது, வேணுமா என்று கேட்டார். சப்பாத்துப் பெட்டிக்குள் இரண்டு, முழுதாக இறகு முளைக்காதவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வாயைத் திறந்தபடி. பொந்திலிருந்து கையை விட்டு எடுத்தவை. 1978 நவம்பர் சூறாவளியில் தலை முறிந்த தென்னைகளிலெல்லாம் பிறகு கிளி குடியேறியது என்று அப்பா சொல்வார். குஞ்சு எடுக்க அந்தப் பட்ட மரங்களையே தறித்து விழுத்தினவர்களும் உண்டாம். குஞ்சும் போய், அடுத்த வருடத்துக்குப் பொந்தும் போனது. நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைக் காக்கச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. மிருகவதைக்கு அதற்கும் முந்திய சட்டம், 1907-ல் வந்தது. அதில் எழுதிய அபராதம் நூறு ரூபா. சப்பாத்துப் பெட்டியைத் திறந்து காட்டுகிற துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. கதிர்காமப் பாத யாத்திரையில் ஒகந்தை தாண்டிக் குமணைக் காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், விடியக் காலையில் கிளிக்கூட்டம் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று. அதில் ஒன்றைச் சப்பாத்துப் பெட்டியில் விற்கிறவரிடம் நான் எதற்கும் முழுப்புள்ளி போடமாட்டேன்.

கூரை வேலை முடிந்ததும் நானே ஒன்று செய்தேன். முக்கால் அங்குல பொக்ஸ் பார் சட்டம், நாலரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், அரை அங்குல வெல்ட் மெஸ் (கம்பிவலை). மெஸ்ஸை முழுக்க வினாகிரியில் தேய்த்தேன், வாசம் ரெண்டு நாள் பட்டறையை விட்டுப் போகவில்லை. கதவு பக்கவாட்டில் திறக்கிறது, கொழுக்கி போட்டது. ஆணையும் பெண்ணையும் உள்ளே விட்டதும் ஒரு மூலையிலேயே குந்திக்கொண்டிருந்தன. அடுத்த நாள் காலையில்தான் பச்சை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறகடித்துப் போனது. போன வேகத்தில் மெஸ்ஸில் மோதிவிட்டது, பிரேக் பிடித்துப் பழக்கம் இல்லை. கூலி பார்க்காவிட்டால் சாமான் செலவு கடைக் கூட்டின் விலையை விடக் கொஞ்சம் கூட வந்தது. உங்கள் ஊரில் எந்த வெல்டிங்காரனிடமும் இந்த அளவைக் கொடுத்தால் செய்து தருவான்.

கூடு எதுவானாலும் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரை விறாந்தை ஆகாது, சிறகை அகட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். குசினியும் ஆகாது, ஒட்டாத பூச்சுச் சட்டி அடுப்பில் காய்ந்து புகைந்தால் அந்த ஆவியே பறவையைக் கொன்றுவிடும். அறைக்குள் பறக்கவிடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். திருவிழா வெடிக்கு இருட்டில் வெருண்டு அடிபடும், ஒரு சின்ன லைட்டைப் போட்டு வையுங்கள்.

கூட்டோடு சேர்த்து விற்கிற சில்லறைச் சாமான்களில் கண்ணாடி வேண்டாம். பச்சை அதற்குள் தெரிகிற ஆளுக்கே இரையைக் கக்கி ஊட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருக்கிற நீலத்தைப் பார்க்கவில்லை. பறவை கொறிக்கிற கணவாய் ஓடு ஒரு துண்டை உறையில் போட்டு முந்நூறு ரூபா சொல்கிறார்கள். கல்லடிக் கடற்கரையில் காலையில் நடந்தால் சும்மா பொறுக்கலாம். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, காயவைத்தால் அதேதான். முருங்கை இலையும் கங்குனும் வீட்டிலேயே இருக்கிறது. ஆனைக்கொய்யா மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது இவற்றுக்கு நஞ்சு.

புள்ளி: கூட்டுக்கு ஐந்தில் ஒன்றரை. அந்த ஒன்றரையும் அடித்தட்டுக்கு. பெரிய கூட்டைக் கழுவுகிற நாளில் பறவைகளை இதில் ஒரு மணி நேரம் வைக்கவும், மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவும் உதவுகிறது. கடைக்கு ஒன்று. அங்கே தினை மட்டும் சுத்தமாக இருக்கிறது, கிலோவாக வாங்கினால் விலையும் குறைவு. ஆனால் காத்தான்குடிப் பலசரக்குக் கடைகளிலும் அதே தினை கிடைப்பதால் நான் இப்போது அங்கேதான் வாங்குகிறேன்.